காலையில் லாரி போடும் சத்தம்: காரணம் கண்டுபிடிப்பது எப்படி?

கல்வராயன் மலையில் தை, மாசி மாதங்கள் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் காலம். பிடுங்கிய கிழங்கு யாருக்காகவும் காத்திருக்காது. இரண்டு, மூன்று நாட்களிலேயே அதன் உட்சதையில் நீலமும் கருமையுமான கோடுகள் ஓடத் தொடங்கிவிடும். ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளில் மாவுச்சத்தைப் 'பாயிண்ட்' கணக்கில் பார்த்தே விலை போடுகிறார்கள். ஆகவே தாமதமாகும் ஒவ்வொரு நாளும் விவசாயியின் கைக்கு வரும் தொகையைக் குறைக்கும். மலையடிவாரத்தில் கரும்பின் நிலையும் இதுவே. கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகளுக்குப் போகும் கரும்பு, வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரைவைக்குச் சேர்ந்தால் நல்லது. அதன் பிறகு எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும்.

இந்த இரண்டு பயிருக்கும் கடைசிக் கண்ணி லாரிதான். விவசாயிகளே சொந்தமாகவோ பங்காகவோ வாங்கி ஓட்டும் வண்டிகள் பல, பத்துப் பதினைந்து ஆண்டு ஓடி, இரண்டு மூன்று கை மாறி வந்தவை. அப்படிப்பட்ட வண்டி ஒன்று, வெள்ளிமலைப் பக்கத்தில் விடியற்காலைப் பனியில் நிற்கிறது என்று வைத்துக் கொள்வோம். இரவே கிழங்கு ஏற்றியாகிவிட்டது. டிரைவர் சாவியைத் திருப்புகிறார். 'கடகட' என்று இதுவரை கேட்காத ஒரு சத்தம். ஐந்து நிமிடத்தில் அது அடங்கியும் விடுகிறது. ஓட்டலாமா, கூடாதா?

அடங்கிவிட்டதே என்று ஓட்டி, மலைப்பாதையின் பாதி வழியில் எஞ்சின் பிடித்து நின்றவர்கள் உண்டு. அதற்கு நேர்மாறாக, சத்தத்தைக் கேட்டுப் பயந்து, யாரோ சொன்னார் என்று எஞ்சினை இறக்கி முழு வேலை செய்து, கடைசியில் பழுது விசிறி பெல்ட்டில்தான் என்று தெரிந்து நொந்தவர்களும் உண்டு. இரண்டுமே நஷ்டம். சத்தத்தின் காரணத்தை ஒழுங்காகத் தேடினால் பெரும்பாலும் இரண்டையும் தவிர்க்கலாம். டிராக்டர் வைத்திருப்போருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் ஸ்டார்ட் ஒன்றுதான் சாட்சி

காலைச் சத்தத்தை ஆராய்வதில் உள்ள பெரிய தொல்லை, அது ஒரு நாளைக்கு ஒரு முறைதான் வரும் என்பது. வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிச் செல்வதற்குள் எஞ்சின் சூடாகி, சத்தம் மறைந்துவிடுகிறது. மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, 'ஒன்றுமில்லையே' என்கிறார். அவர் மேல் குற்றமில்லை. ஆகவே முந்தின நாள் மாலையே வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு, மறுநாள் காலையில் மெக்கானிக் முன்னிலையில் முதல் ஸ்டார்ட் செய்வதே சரி. மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கோ சின்னசேலத்துக்கோ இறங்கி வருபவர்கள் ஒரு இரவுத் தங்கலைக் கணக்கில் வைத்துக் கொள்ள வேண்டும். அது முடியாதவர்கள் கைப்பேசியில் சத்தத்தைப் பதிவு செய்து கொண்டு போகலாம். சாவியைத் திருப்புவதற்கு முன்பே பதிவைத் தொடங்கி, சத்தம் அடங்கும் வரை நிறுத்தாமல் எடுக்க வேண்டும். ஒரு பதிவு முன்புறம் நின்றும், மறுநாள் இன்னொன்று வண்டிக்குள் உட்கார்ந்தும் எடுத்தால் மிகவும் உதவும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினின் ஒரு பாகத்தில் வைத்து, கைப்பிடியைக் காதின் அருகே எலும்பில் அழுத்திக் கேட்பது பழைய மெக்கானிக்குகள் எல்லோரும் அறிந்த முறை. மூன்றடி ரப்பர் குழாய் ஒன்றும் போதும். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இடம் இடமாக நகர்த்தினால் சத்தம் எங்கே கூடுகிறது என்பது தெரியும். தோளில் கிடக்கும் துண்டையும், தொங்கும் வேட்டி நுனியையும் ஒதுக்கிவிட்டே விசிறியின் அருகில் போக வேண்டும். இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் விபத்துகள் இதில்தான் நடக்கின்றன.

எஞ்சின் பிடிக்கும் முன் வரும் சத்தம்

சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடத் தொடங்கும் முன்பாகவே சத்தம் வந்தால் அது எஞ்சினின் உள் பாகங்களைச் சேர்ந்ததல்ல. பெரும்பாலும் 'செல்ஃப்' மோட்டாரைச் சேர்ந்தது. 'டக் டக்' என்று மட்டும் கேட்டு எஞ்சின் சுழலவில்லை என்றால், பேட்டரி இறங்கியிருக்கலாம் அல்லது அதன் முனைகளில் பச்சை, வெள்ளைப் பூச்சு படர்ந்து மின்சாரம் தடைப்படலாம். சுடுநீர் விட்டுக் கழுவி, சுரண்டி, முறுக்கிவிட்டாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். எஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் போகும் 'எர்த்' பட்டையைப் பலர் பார்ப்பதே இல்லை. அது துருப்பிடித்து இருந்தாலும் இதே அறிகுறிதான். ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் கரும்பு லாரிகள் பத்தடிக்கு ஒரு முறை கிளப்பி நிறுத்தப்படுகின்றன. பேட்டரி மறுபடி ஏறுவதற்கு அவகாசமே இல்லை. அரைவைப் பருவத்தில் செல்ஃப் கோளாறு மிகுவதில் வியப்பில்லை.

'விர்ர்' என்று மோட்டார் மட்டும் வேகமாகச் சுற்றி எஞ்சின் அசையாவிட்டால், மோட்டாரின் சிறு பல்சக்கரம் ஃபிளைவீலின் பல்வளையத்தோடு சேரவில்லை என்று பொருள். 'கர்ர்ர்' என்று இரும்பு அரைபடும் சத்தம் வந்தால் பற்கள் தேய்ந்துள்ளன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நான்கு சிலிண்டர் எஞ்சினை நிறுத்தும்போது, உள்ளே அழுத்தப்படும் காற்றின் எதிர்ப்பினால் அது பெரும்பாலும் குறிப்பிட்ட இரண்டு இடங்களிலேயே நிற்கும். ஆறு சிலிண்டர் என்றால் மூன்று இடங்கள். ஆகவே பல்வளையம் சுற்றிலும் சமமாகத் தேய்வதில்லை, அந்த இடங்களில்தான் தேய்கிறது. இதனால்தான் இன்று அரைபட்டு, நாளை ஒழுங்காக எடுத்து, மறுநாள் மீண்டும் அரைபடுகிறது. வண்டியை டாப் கியரில் போட்டுச் சற்றே முன்னே தள்ளி, கியரை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் எடுத்துக் கொள்கிறது என்றால், காரணம் உறுதியாகிவிட்டது. அந்த ஒரு நாளைக்கு அது வழி. அதையே வழக்கமாக்கினால் மோட்டாரின் பல்சக்கரமும் கெடும்.

மலையில் இன்னொரு வழக்கம் உண்டு. செல்ஃப் எடுக்காது என்று பயந்து, இரவில் லாரியைச் சரிவில் நிறுத்தி வைத்து, காலையில் உருளவிட்டுக் கியரில் எஞ்சினைக் கிளப்புவது. ஏர் பிரேக் வண்டியில் இது மிக ஆபத்தானது. பழைய வண்டிகளில் இரவெல்லாம் காற்று கசிந்து டேங்க் காலியாகியிருக்கும். டேங்கில் காற்று இல்லை என்றால் கால் பிரேக் இல்லை. பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில், எஞ்சின் ஓடாதபோது ஸ்டியரிங்கும் கல்லாகக் கனக்கும். ஒரு பல்வளையத்தை மாற்றும் செலவுக்குப் பயந்து ஓர் உயிரைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

எல்லாவற்றிலும் அரிதானது, ஆனால் எல்லாவற்றிலும் மோசமானது ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றத் தொடங்கி, அரைச் சுற்றிலேயே 'டொக்' என்று சுவரில் மோதியது போல் நின்றுவிட்டால், உடனே சாவியிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். ஹெட் கேஸ்கட் வழியாக இரவில் ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கக் கூடும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. வற்புறுத்திச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். வண்டியைத் தள்ளிக் கிளப்பப் பார்ப்பது அதைவிட மோசம். சில நாட்களாகவே ரேடியேட்டரில் காரணமில்லாமல் தண்ணீர் குறைந்து வந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். நாசில்களைக் கழற்றி வைத்து, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தால் தண்ணீர் பீறிட்டு வெளியே வரும். அப்போது முகத்தை அருகில் வைக்கக் கூடாது.

எஞ்சின் பிடித்த முதல் சில விநாடிகள்

இரவு முழுவதும் நின்ற எஞ்சினில் ஆயில் வடிந்து அடித் தொட்டியில் சேர்ந்திருக்கும். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் பம்ப் அதை இழுத்து, ஃபில்டரை நிரப்பி, குழாய்களை நிரப்பி, பேரிங்குகளுக்குச் சேர்க்க இரண்டு, மூன்று விநாடி ஆகும். அந்த இடைவெளியில் இரும்போடு இரும்பு தட்டுவதுதான் முதல் 'கடகட'. ஆயில் விளக்கு அணையும்போதே சத்தமும் அடங்கினால், பழைய எஞ்சினுக்கு இது எதிர்பார்க்கக் கூடியதே. ஆனால் முன்பு இரண்டு விநாடியாக இருந்தது இப்போது ஆறு, ஏழு விநாடியாகிவிட்டது என்றால் கவனிக்க வேண்டும். விளக்கு அணையவே இல்லை என்றால் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். வேறு யோசனைக்கே இடமில்லை.

முதலில் பார்க்க வேண்டியது ஃபில்டர். முழுதாகத் திருகி மாட்டும் வகை ஃபில்டர்களில், ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் ஒரு ரப்பர் தடுப்பு உள்ளே இருக்கும். மலிவான ஃபில்டரில் அது தரமாக இருப்பதில்லை. நல்ல ஃபில்டரிலும் நாளானால் அது இறுகிவிடும். ஃபில்டர் மாற்றியதும் சத்தம் போய்விட்டால் அந்தக் காலைக்கு அதைவிட மலிவான மகிழ்ச்சி வேறில்லை. தேய்ந்த பேரிங்கை விலை கொடுத்து மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது அறிவு.

அடுத்தது ஆயில். சமதரையில் வண்டியை நிறுத்தி, அளவுக் குச்சியை எடுத்துத் துடைத்து, மீண்டும் விட்டுப் பார்க்க வேண்டும். சரிவில் நிறுத்திப் பார்த்தால் அளவு பொய் சொல்லும். அளவு குறைந்திருந்தால் நிரப்பலாம். அளவு கூடியிருந்தால்தான் கவலை. சாதாரணமாக ஆயில் கூடாது. கூடியிருந்தால் டீசலோ தண்ணீரோ கலந்திருக்கிறது. டீசல் கலந்தால் ஆயில் நீர்த்து, வாடையிலேயே தெரியும். தண்ணீர் கலந்தால் மோர் போல வெளுத்துவிடும். இரண்டில் எது கலந்தாலும் பேரிங் தாங்காது. அந்த எஞ்சினை ஓட்டக் கூடாது.

பழைய எஞ்சினில் சத்தத்தை அமுக்குவதற்காகக் கெட்டியான ஆயில் ஊற்றும் வழக்கம் பரவலாக உள்ளது. சூடான எஞ்சினில் சத்தம் சற்றே அடங்குவது உண்மைதான். ஆனால் கல்வராயன் மலை 2,000 அடி முதல் 3,000 அடி வரை உயர்ந்தது. கீழே கள்ளக்குறிச்சியைவிட நான்கு, ஐந்து டிகிரி குளிர்ச்சி கூடுதலாக இருக்கும். மார்கழி, தை மாதக் காலையில் கெட்டி ஆயில் இன்னும் கெட்டியாகி, பேரிங்குக்குப் போய்ச் சேர மேலும் தாமதமாகும். ஆக, தேய்மானத்தை மறைப்பதற்காக ஊற்றியதே தேய்மானத்தைக் கூட்டுகிறது. 15 டபிள்யூ 40 போன்ற ஆயில், குளிரில் இளகலாகவும் சூட்டில் போதுமான கெட்டியாகவும் நடந்து கொள்ளும்படி தயாரிக்கப்பட்டது. வண்டியின் கையேட்டில் எந்த ரகம் சொல்லியிருக்கிறதோ அதையே ஊற்றுவது நல்லது. கிளப்பியவுடன் ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிடுவது டிரைவர்கள் பலருக்குக் கைவந்த பழக்கம். ஆயில் போய்ச் சேராத அந்த விநாடிகளில் எஞ்சினுக்கு அதைவிடப் பெரிய தீங்கு இல்லை. டர்போ உள்ள வண்டியானால் சொல்லவே வேண்டாம்.

மேலே கேட்கும் 'டிக் டிக்'

எஞ்சினின் மேற்பகுதியிலிருந்து ஒரே சீராக 'டிக் டிக்' என்று வந்தால் எல்லோரும் டேப்பட் என்கிறார்கள். பாதி நேரம் அது சரியே. வால்வுகள் எஞ்சினின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் திறக்கும். எனவே டேப்பட் சத்தம் எஞ்சின் வேகத்தில் பாதியாக, நிதானமாகக் கேட்கும். 600 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஒரு வால்வு நிமிடத்துக்கு 300 முறை, அதாவது விநாடிக்கு ஐந்து முறை தட்டும். வால்வு மூடியைத் திறந்து ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்தால் போதும். கையேடு சொல்லும் அளவு குளிர்ந்த எஞ்சினுக்கா, சூடான எஞ்சினுக்கா என்பதை முதலில் பார்த்துக் கொள்ள வேண்டும். சத்தமே வரக்கூடாது என்று இடைவெளியை இறுக்கிவிட்டால் வால்வு முழுதாக மூடாமல் எரிந்து போகும். சற்றே தட்டும் டேப்பட், தட்டாத டேப்பட்டைவிட நல்லது என்று பழைய மேஸ்திரிகள் கருதுவதில் நியாயம் உண்டு.

மீதிப் பாதி நேரம் ஏமாற்றுவது சைலன்சர் பக்கம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் ஓரிடத்தில் விட்டிருந்தால், குளிர்ந்த நிலையில் அந்த இடுக்கு வழியாகப் புகை 'டிஸ் டிஸ்' என்று வெளியேறும். கேட்பதற்கு அச்சாக டேப்பட் மாதிரியே இருக்கும். எஞ்சின் சூடேறியதும் இரும்பு விரிந்து, இடுக்கு அடைபட்டு, சத்தம் நின்றுவிடும். டேப்பட்டை மூன்று முறை சரிசெய்தும் காலைச் சத்தம் போகவில்லை என்றால் இதுவாகத்தான் இருக்கும். மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடத்தில் கரிக்கோடு படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம், ஒன்றிரண்டு ஒடிந்தே போயிருக்கலாம்.

டீசல் தட்டலும் நாசிலும்

டீசல் எஞ்சினுக்குத் தட்டுவது பிறவிக் குணம். ருடால்ப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சின் முதல் இன்றைய லாரி வரை தத்துவம் ஒன்றே. இதில் பிளக் இல்லை. காற்றை மிக இறுக்கமாக அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைப்பது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் காற்றின் சூடு சிலிண்டர் சுவருக்குப் போய்விடுகிறது. டீசல் உள்ளே வந்தும் உடனே பற்றாமல் சற்று நேரம் சேர்ந்து, பிறகு ஒரே மொத்தமாகப் பற்றுகிறது. அந்த மொத்த வெடிப்பே குளிர்காலைத் தட்டல். சிறிது வெள்ளைப் புகையும் வரும். ஓரிரு நிமிடத்தில் எல்லாச் சிலிண்டரிலும் ஒரேபோல் குறைந்துவிட்டால் பயப்பட ஏதுமில்லை.

ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் தனியாகத் தட்டினால் அதன் நாசில் ஒழுகக் கூடும். பழைய வகைப் பம்ப் உள்ள எஞ்சினில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது, ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் குழாயின் நட்டை ஒன்றன்பின் ஒன்றாகச் சற்றே தளர்த்தி மீண்டும் இறுக்க வேண்டும். தளர்த்திய சிலிண்டர் வேலை செய்யாது, எஞ்சின் தடுமாறும். எதைத் தளர்த்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுவே குற்றவாளி. தடுமாற்றமே இல்லை என்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கனவே வேலை செய்யவில்லை.

இதைத் தெரிந்த மெக்கானிக் செய்வதே நல்லது. பழைய பம்ப்பில்கூட நாசிலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும். உள்ளே சதை அழுகும். அப்படிப் பட்டுவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக் கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 'காமன் ரெயில்' என்று சொல்லப்படும் புதிய வகை டீசல் அமைப்பில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அதில் குழாய்க்குள் அழுத்தம் 1,000 பாருக்கும் மேல். 2017 ஏப்ரலில் பாரத் நிலை 4-ம், 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6-ம் நாடெங்கும் வந்தபின் விற்ற லாரிகளில் இந்த அமைப்பு பரவலாக உள்ளது. அவற்றில் எந்தச் சிலிண்டர் சரியில்லை என்பதைக் கம்ப்யூட்டர் கருவியை இணைத்தே பார்க்க வேண்டும்.

இதே நட்டைத் தளர்த்தும் சோதனை இன்னொரு முக்கியமான பிரிவினையையும் செய்து தருகிறது. பிஸ்டன் தேய்ந்து சிலிண்டர் சுவரில் அடிக்கும் சத்தம், காலியான தகர டப்பாவைத் தட்டுவது போல் இருக்கும். குளிரில் அதிகம், பிஸ்டன் சூட்டில் விரிந்ததும் குறையும். இது சில ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும். அறுவடைப் பருவம் முடியும் வரை பாரத்தைக் குறைத்து ஓட்டி, பிறகு போர் வேலைக்கு விடலாம். கனெக்டிங் ராடு பேரிங் தட்டுவது இதற்கு நேர் எதிர். காலையில் லேசாக இருக்கும். எஞ்சின் சூடேற ஏற, ஆயில் இளக இளக, கூடும். ஆக்சிலேட்டரை ஏற்றிச் சட்டென்று விடும்போது 'டக் டக் டக்' என்று தெளிவாகக் கேட்கும். எஞ்சினின் அடியிலிருந்து கனமாக, சுத்தியலால் மரத்தில் அடிப்பது போல் 'தொம் தொம்' என்று வந்து, ஆயில் அழுத்தமும் குறைந்திருந்தால் மெயின் பேரிங். இந்த இரண்டில் எதுவானாலும் அந்த வண்டி பாரத்தோடு மலை ஏறவோ இறங்கவோ கூடாது. இப்போது நிறுத்தினால் பேரிங்கோடு போகும். ஓட்டினால் கிராங்க், பிளாக் வரை போகும். ஆகவே காலையில் கேட்ட சத்தம் சூட்டில் குறைகிறதா, கூடுகிறதா என்பதே எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி.

எஞ்சினுக்கு வெளியே

கிளப்பியவுடன் 'கீச்' என்று நீளமாகக் கத்தினால் விசிறி பெல்ட். ஸ்டார்ட் செய்ததால் இறங்கிய பேட்டரியை நிரப்ப டைனமோ முழு பலத்தோடு வேலை செய்யும் நேரம் அது. பெல்ட்டும் பனியில் நனைந்திருக்கும். வழுக்குகிறது, கத்துகிறது. கட்டை விரலால் நடுவில் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் அமுங்குவது பொதுவாகச் சரியான இறுக்கம். அதற்கு மேல் இறுக்கினால் தண்ணீர் பம்ப் பேரிங் போகும். கத்தாமல் 'குர்ர்' என்று உருட்டினால் தண்ணீர் பம்ப் அல்லது டைனமோ பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த எஞ்சினை அரை நிமிடம் மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் இல்லையென்றால் குற்றம் பெல்ட் சுற்றும் பாகங்களில்தான். அதிக நேரம் ஓட்டக் கூடாது. பெல்ட் இல்லாமல் தண்ணீர் சுற்றாது.

கிளட்சை மிதித்தால் நிற்கும் சத்தம் கியர் பெட்டியின் முன் பேரிங்கைச் சேர்ந்தது. மிதித்தால் வரும் சத்தம் கிளட்ச் ரிலீஸ் பேரிங். இந்தச் சோதனைக்கு ஒரு விநாடி போதும், காசும் செலவில்லை. ஆனாலும் கியர் பெட்டிச் சத்தத்தை எஞ்சின் சத்தம் என்று நினைத்து எஞ்சினில் கை வைப்பது நடந்து கொண்டுதான் இருக்கிறது. எஞ்சின் மவுண்டிங் ரப்பர் நைந்திருந்தால் ஸ்டார்ட் ஆகும்போதும் நிறுத்தும்போதும் எஞ்சின் ஆடி, விசிறி அதன் கூட்டில் உரசும். கிழங்கு மூட்டைகள் அருகே நிற்கும் வண்டியில் இரவில் எலி புகுந்து, வைக்கோலும் சாக்கு நாரும் இழுத்து விசிறிக் கூட்டில் கூடு கட்டிவிடுவதும் உண்டு. மூடியைத் திறந்து பார்க்காமல் கிளப்புபவர்களுக்கு அது புதுவிதச் சத்தமாகக் கேட்கும்.

ஏர் பிரேக் வண்டிகளில் கம்ப்ரசர் ஒன்று எஞ்சினோடு சேர்ந்தே ஓடுகிறது. அதற்கும் பிஸ்டன், ராடு, பேரிங் எல்லாம் உண்டு. அதுவும் தேயும், தட்டும். காலையில் டேங்க் காலியாக இருப்பதால் கம்ப்ரசர் கிளப்பியது முதல் பாரத்தோடு வேலை செய்கிறது. டேங்க் நிறைந்து, 7, 8 கிலோ அழுத்தம் வந்து, 'புஸ்' என்று காற்று வெளியேறியதும் அதன் பாரம் நீங்குகிறது. சரியாக அந்த 'புஸ்' வந்த நேரத்தில் தட்டல் நின்றாலோ மாறினாலோ, தட்டியது எஞ்சின் அல்ல, கம்ப்ரசர். பிரேக்கைப் பலமுறை மிதித்துக் காற்றை இறக்கி, கம்ப்ரசர் மறுபடி வேலை செய்யும்போது சத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்தால் ஐயம் தீரும்.

எஞ்சின் இல்லை என்று தெரிந்த நிம்மதியில் இதை விட்டுவிடக் கூடாது. தட்டும் கம்ப்ரசர் காற்றை மெதுவாக நிரப்பும். ஆயிலையும் காற்றோடு டேங்குக்குள் அனுப்பும். ஒரு நாள் நின்றும் போகும். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் நோக்கி, பத்து டன் கிழங்கோடு வளைவுகளில் இறங்கும் வண்டி வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிக்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் செலவாகும் காற்றைக் கம்ப்ரசர் உடனுக்குடன் ஈடுசெய்தால்தான் அடுத்த வளைவுக்குப் பிரேக் இருக்கும். ஆகவே டேங்க் நிறைய வழக்கத்தைவிட அதிக நேரமாகிறதா என்பதைக் கடிகாரம் பார்த்து அறிந்து கொள்வதும், டேங்கின் அடித் திருகைத் திறந்து ஆயிலோ தண்ணீரோ வடிகிறதா என்று தினமும் பார்ப்பதும், காற்று மானி முழு அளவைக் காட்டி 'புஸ்' சத்தம் வரும் வரை மலைப்பாதையில் வண்டியை எடுக்காமல் இருப்பதும் அவசியம். அந்தச் சில நிமிடங்களில் எஞ்சினும் சூடேறிவிடும். காலையில் வந்த சத்தம் சூட்டில் குறைந்ததா, கூடியதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.